தபால்காரருக்கே வீடு தெரியல! – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் மூக்குக்கண்ணாடிய தலையில வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுற கதை எழுதினேன்ல, அதுக்கு வந்த லெட்டர், வாட்ஸ்அப்ல பாதிக்கு மேல "கண்ணாடி கெடக்கட்டும் டாக்டர், போன வழியே திரும்பி வரத் தெரியல, அதுக்கு என்ன சொல்றீங்க"ன்னுதான் கேட்டிருக்கு. அதனால இந்த தடவ முழுக்க வழி, தெரு, திசை சமாச்சாரம் மட்டும். சுகர், முட்டி வலி கேட்டவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல உங்களுக்குத்தான் மொத பந்தி.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. மன்னார்குடி பக்கம் 31 வருஷம் தபால்காரரா இருந்தவர், சைக்கிள்லயே ஏழெட்டு ஊரு சுத்துவாரு. அம்மா தவறினப்புறம் எட்டு மாசம் முன்னாடி சென்னைக்கு எங்ககூட கூட்டிட்டு வந்துட்டோம். ஓஎம்ஆர் பக்கம் பெரிய அப்பார்ட்மென்ட், மொத்தம் 9 பிளாக். பால் வாங்க கீழ போனவரு போன வாரம் பக்கத்து பிளாக்ல ஏறி அதே நாலாவது மாடியில யார் வீட்டு பெல்லையோ அடிச்சுட்டு "ஏன் பூட்டு மாத்துனீங்க"ன்னு கேட்டிருக்காரு. இது ரெண்டாவது தடவ. ஆனா ஊர்ல எந்த வீட்டு வாசல்ல என்ன மரம்னு கேட்டா இப்பவும் டக்குனு சொல்றாரு. இது டிமென்ஷியாங்கற மறதி நோயா? இனிமே தனியா கீழ விடக்கூடாதுங்கறா என் மனைவி. — ஒரு வாசகர், சென்னை

தம்பி, வாசல்ல என்ன மரம்னு இப்பவும் சொல்றாருன்னு ஆச்சரியமா எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அந்த வரிதான் முக்கியம். பழைய ஊரும் புது ஊரும் மூளையில ஒரே அலமாரியில இல்ல.

அமெரிக்காவுல ஒரு பெரியவர் இருந்தாரு, ஆராய்ச்சி பேப்பர்ல இ.பி.ன்னு ரெண்டு எழுத்து மட்டும் போடுவாங்க. 70 வயசு வாக்குல வைரஸ் காய்ச்சல் மூளைக்கு ஏறி, ஹிப்போகேம்பஸ்னு காதுக்கு உள்பக்கமா கடல்குதிரை மாதிரி வளைஞ்சு இருக்கற பகுதி, வலது இடது ரெண்டுமே அழிஞ்சு போச்சு. 1999-ல டெங், ஸ்க்வயர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அவர உக்கார வெச்சு, அவரு வாலிப வயசுலயே விட்டுட்டு வந்த சொந்த ஊர பத்தி கேட்டாங்க, இந்த தெருவ அடைச்சிருந்தா எப்படி சுத்திப் போவீங்கன்னு கூட கேட்டாங்க. அந்த ஊர்லயே வளந்த, நல்ல மூளை உள்ள அவர் வயசு ஆளுங்களுக்கு சமமா சொன்னாரு. ஆனா நோய் வந்தப்புறம் குடி போயி வருஷக்கணக்கா இருக்கற இடத்துல, வீட்டுக்கு பக்கத்துல எங்கயும் போற வழி ஒண்ணு கூட சொல்லத் தெரியல.

உங்க அப்பாவுக்கு அந்த நோய் இல்ல, பதறாதீங்க. நான் சொல்ல வந்தது, பழைய ஊரு வழியெல்லாம் எங்கயோ கெட்டியா பதிஞ்சு கெடக்குது, புது இடத்த பதியறதுக்குத்தான் ஹிப்போகேம்பஸ் வேணும், வயசாக ஆக மெதுவா சுருங்கற பகுதிகள்ல அதுவும் ஒண்ணு. 1971-ல லண்டன்ல ஜான் ஓகீஃப் எலி மூளையில கண்டுபிடிச்சாரு, எலி பெட்டியில ஒரு குறிப்பிட்ட மூலைக்கு போனா மட்டும் ஒரு செல் துடிக்கும், வேற மூலைக்கு வேற செல்லு. பக்கத்துலயே இருக்கற என்டோரைனல் கார்டெக்ஸ்ங்கற பகுதியில கோலப்புள்ளி போட்ட மாதிரி கட்டம் கட்டமா துடிக்கற செல்கள நார்வேல மோசர் தம்பதி 2005-ல கண்டுபிடிச்சாங்க, மூணு பேருக்கும் சேத்து 2014-ல நோபல் கெடச்சுது. இதுல எனக்கு ரொம்ப புடிச்சது கேரல் பார்ன்ஸ்ங்கற அம்மா 1997-ல வெளியிட்டது. வயசான எலிய பெட்டியிலேந்து எடுத்துட்டு கொஞ்ச நேரம் கழிச்சு அதே பெட்டியில திரும்ப விட்டா, சில தடவ அதோட மூளையில பழைய வரைபடம் வராம முழுக்க வேற வரைபடம் வந்து உக்காந்துக்குது. அதே பெட்டிதான், எலிக்கு என்னவோ வேற ஊருக்கு வந்த மாதிரி! பக்கத்து பிளாக்ல ஏறி உங்க அப்பா கொழம்பி நின்னது எனக்கு அந்த எலி மாதிரிதான் தெரியுது, தப்பா எடுத்துக்காதீங்க.

இப்ப அப்பார்ட்மென்டுக்கு வருவோம், ஏன்னா பாதி குத்தம் அதுமேலதான். ஒம்போது பிளாக்கும் ஒரே பெயின்ட், ஒரே டைல்ஸ், ஒரே லிஃப்ட், வாசல்ல வெச்ச மணி பிளான்ட் கூட ஒரே தொட்டி. லிஃப்ட்ல ஏறினா நாம நடக்கவே இல்ல, உடம்புக்கு எவ்ளோ தூரம் வந்தோம்னு கணக்கே கெடைக்காது. பேஸ்மென்ட்ல வானமும் இல்ல. அவரு 31 வருஷம் வழி கண்டுபிடிச்சது கொளம், கோயில், ஆலமரம், வெயில் எந்தப் பக்கம் விழுதுங்கறத வெச்சு. "கெழக்கால போயி தெக்க திரும்பு"ன்னு பேசற ஆளா இருப்பாரே? எரிக் பெடர்சன்னு ஒரு மொழியியல்காரரு 1990-கள்ல தமிழ்நாட்டுல வந்து இதத்தான் ஆராய்ச்சி பண்ணாரு, கிராமத்துக்காரங்க திசைய சொல்லி பேசறாங்க, டவுன்காரங்க இடது வலதுன்னு பேசறாங்க, ரெண்டு கூட்டமும் பொருள் வெச்ச இடத்த ஞாபகம் வெச்சுக்கற விதமும் அதுக்கு ஏத்த மாதிரி மாறுதுன்னு. சும்மா அப்பாகிட்ட கேட்டுப் பாருங்களேன், நம்ம வீட்டுல கெழக்கு எதுன்னு. தெரியலன்னா மொத வேலையா சாயங்காலம் மொட்டை மாடிக்கு கூட்டிட்டு போயி சூரியன் எங்க எறங்குது, மெயின் ரோடு எந்தப் பக்கம், நம்ம பிளாக் எதுன்னு காட்டுங்க.

அப்புறம் ஒரு வாரம் பாலுக்கு ரெண்டு பேரும் சேந்து போங்க, ஆனா நீங்க முன்னாடி போகாதீங்க, அவரு முன்னாடி, நீங்க ரெண்டு அடி பின்னாடி. தப்பா திரும்பினா ஒடனே கைய புடிச்சு இழுக்காதீங்க, நின்னு யோசிக்க விடுங்க. அடையாளம் வெக்கணும்னா வீட்டுக் கதவுல வெக்கறத விட பிளாக் வாசல்ல வெக்கணும், தப்பு நடக்கறது அங்கதான், நாலாவது மாடி வர போனப்புறம் கதவுல எத மாட்டி என்ன பிரயோஜனம். செகரட்டரிகிட்ட பேசி உங்க பிளாக் படிக்கட்டுக்கிட்ட சிவப்பு கலர்ல ஒரு லெட்டர் பாக்ஸ் மாட்ட முடியுமா பாருங்க, தபால்காரர் கண்ணு அத தாண்டிப் போகாது.

தனியா விடக்கூடாதுங்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா கண்ணுல புரை இருக்கா பாத்துடுங்க, உங்க அம்மா தவறி எட்டு மாசந்தான் ஆகுது, மனசு ஒடிஞ்சு போனாலும் கவனம் இப்படித்தான் இருக்கும், அதையும் பாருங்க. ரெண்டு மூணு மாசம் இப்படி பழகியும் ஒண்ணுமே பதியலன்னாலோ, சில்லறை கணக்கு தப்புது, சொன்னதையே சொல்றாருன்னு வேற விஷயமும் சேந்தாலோ நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: 57 வயசு, ஸ்கூல் டீச்சர். பெரிய ஜவுளிக்கடைக்குள்ள நாலு மாடி ஏறி எறங்கி வெளிய வந்தா எந்தப் பக்கம் வந்தோம்னே தெரியல. கார் பார்க்கிங்ல அழுகையே வந்துடுது. "பொம்பளைங்களுக்கு டைரக்‌ஷன் சென்ஸ் கெடையாது, இப்ப வயசும் ஆச்சு"ன்னு வீட்டுக்காரர் கிண்டல் வேற. — ஒரு வாசகி, கோவை

டீச்சர், மொதல்ல என் கதைய கேளுங்க. எனக்கு 63. போன வருஷம் ஒரு மாலோட பார்க்கிங்ல முக்கா மணி நேரம் காரத் தேடினேன், கடைசியில செக்யூரிட்டி தம்பி டிக்கெட்ட வாங்கிப் பாத்துட்டு "சார் இது பி2, நீங்க நிக்கறது பி3"ன்னு சொன்னாரு. கையில ஐஸ்க்ரீம் உருகி முழங்கை வர வழிஞ்சிருந்துச்சு. அன்னிக்கு நான் மறக்கவே இல்ல, ஏன்னா நிறுத்தும்போது கவனிக்கவே இல்ல, போன்ல பேசிக்கிட்டே எறங்கினேன். பதியாதது எப்படி மறக்கும்? பாதி பேரு மறதின்னு சொல்றது இதுதான்.

வயசு விஷயம் உண்மை. 2016-ல சீ ஹீரோ குவெஸ்ட்னு ஒரு போன் கேம் விட்டாங்க, படகு ஓட்டிட்டு போயி வழிய ஞாபகம் வெச்சுக்கணும், டிமென்ஷியா ஆராய்ச்சிக்காகவே செஞ்சது, உலகம் பூரா பல லட்சம் பேரு ஆடினாங்க. அதுல தெரிஞ்சது, வழி கண்டுபிடிக்கற திறமை இருபது வயசு வாக்குலேந்தே கொஞ்சம் கொஞ்சமா கொறைய ஆரம்பிக்குது. அறுபதுல திடீர்னு விழறது இல்ல, அப்பத்தான் நமக்கு உறைக்குது.

வீட்டுக்காரருக்கு தனியா ஒரு பத்தி. அதே ஆராய்ச்சியில ஆம்பளைங்க சராசரியா கொஞ்சம் நல்லா பண்ணாங்க, வாஸ்தவம். ஆனா அந்த வித்தியாசம் எல்லா நாட்டுலயும் ஒரே அளவு இல்ல, ஆணும் பொண்ணும் சமமா நடத்தப்படற நாடுகள்ல வித்தியாசம் ரொம்ப கம்மி, சமமில்லாத நாட்டுல ஜாஸ்தி. அதாவது சின்ன வயசுல யார சைக்கிள் எடுத்துட்டு ஊரு சுத்த விட்டாங்க, யார ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வரச் சொன்னாங்கங்கறதுக்கும் இதுல பங்கு இருக்குன்னு நான் நெனைக்கறேன். சாரே யோசிக்கட்டும், கல்யாணத்துலேந்து இன்னி வர கார ஓட்டினது யாரு, பக்கத்துல உக்காந்து வந்தது யாரு?

பார்க்கிங்குக்கு ஒரே வழி, எறங்கினதும் தூண் நம்பர போட்டோ எடுங்க, அப்புறம் கடைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு தடவ திரும்பி நின்னு, வரும்போது இது எப்படி தெரியும்னு பாருங்க. போறப்ப பாத்த தெரு வேற, வர்றப்ப பாக்கற தெரு வேற, திரும்பிப் பாக்காதவங்களுக்கு ரெண்டாவது தெருவ தெரியவே தெரியாது.

கேள்வி: மதுரையில 35 வருஷமா ஆட்டோ ஓட்டறேன், வயசு 61. மாட்டுத்தாவணியில ஏறுற புள்ளைங்க போன நீட்டி "அங்கிள், மேப்ல லெஃப்ட் காட்டுது"ங்குதுக. மேப் காட்டற சந்துல ஆட்டோ போகாதுன்னு எனக்குத்தான தெரியும். ஆட்டோக்காரங்களுக்கு மறதியே வராதுன்னு டீக்கடையில ஒருத்தர் பேப்பர்ல படிச்சேன்னாரு. நெசமா? — ஒரு வாசகர், மதுரை

அண்ணே, டீக்கடைக்காரர் சொன்னதுல பாதி நெசம். கதை லண்டன்லேந்து வருது. அங்க கறுப்பு டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேணும்னா ஒரு பரீட்சை இருக்கு, ஊரு நடுவுல சேரிங் கிராஸ்னு ஒரு இடம், அத சுத்தி ஆறு மைலுக்குள்ள இருக்கற கிட்டத்தட்ட 25,000 தெருவையும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும், போன் கூடாது, மேப் கூடாது. மூணு நாலு வருஷம் மோப்பெட்ல சுத்தி சுத்தி படிப்பாங்க. எலினார் மகுவயர்ங்கற அம்மா 2000-ல அந்த டிரைவர்ங்க 16 பேரோட மூளைய ஸ்கேன் எடுத்துப் பாத்தா, ஹிப்போகேம்பஸோட பின்பக்கம் மத்தவங்கள விட பெருசா இருந்துச்சு, ஓட்டின வருஷம் கூட கூட இன்னும் பெருசு. பொறவியிலயே அப்படி உள்ளவங்கதான் டாக்ஸி ஓட்ட வர்றாங்களோன்னு ஒரு சந்தேகம் வரும்ல? அதுக்காக படிக்கச் சேந்த 79 பேர ஆரம்பத்துலயே ஸ்கேன் எடுத்து வெச்சுட்டு, பரீட்சையெல்லாம் முடிஞ்சப்புறம் திரும்ப எடுத்தாங்க. 39 பேரு பாஸ். பாஸானவங்களுக்குத்தான் பெருசாயிருந்துச்சு, இது 2011-ல வந்தது. இன்னொண்ணு கேளுங்க, பஸ் டிரைவருக்கு அது இல்ல! அவரும் அதே ட்ராஃபிக்ல அதே ஊர்லதான் ஓட்டறாரு, ஆனா தெனம் ஒரே ரூட்டு.

டீக்கடைப் பேப்பர் அனேகமா 2024 கடைசியில பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல வந்ததப் பத்தி இருக்கும். அமெரிக்காவுல எறந்தவங்க சான்றிதழ்கள எடுத்து 443 வேலைகள அலசினதுல, டாக்ஸி டிரைவர், ஆம்புலன்ஸ் டிரைவர் ரெண்டு பேருக்கும்தான் டிமென்ஷியாவுல ஒரு வகையான அல்சைமர்ல சாவு ரொம்ப கம்மி, டாக்ஸியில 100-க்கு 1 பக்கம். அதுலயும் பஸ் டிரைவருக்கு அந்த லாபம் இல்ல. ஆனா ஒடனே காலர தூக்கி விடாதீங்கண்ணே. வழி மறக்க ஆரம்பிச்சவரு தானாவே அந்தத் தொழில விட்டுட்டு வேற வேலைக்கு போயிருக்கலாம், அப்ப கணக்குல அவரு டாக்ஸிக்காரரா வர மாட்டாரு. ஓட்டறதுதான் காப்பாத்துச்சுன்னு அந்த பேப்பரும் சொல்லல. பிபி, சுகர், பீடி இதெல்லாம் உங்க ஹிப்போகேம்பஸுக்கு மேப் தெரியுமான்னு கேட்டுட்டு வர்றது இல்ல.

மதுரைய பத்தி எனக்கு ஒரு பொறாம உண்டு, சொல்லிடறேன். உள்ள ஆடி வீதி, வெளிய சித்திரை, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி, கடைசியில வெளி வீதி, ஒவ்வொண்ணுலயும் கீழ மேல தெக்கு வடக்கு, நடுவுல அம்மன் கோயில். ரெண்டு சொல்லு தெரிஞ்சா போதும், மேல மாசி வீதின்னா கோயிலுக்கு எந்தப் பக்கம், எத்தனாவது சுத்துன்னு வெளியூர்க்காரன் கூட தலையில கட்டிக்கலாம். எங்க சென்னையில பழைய நம்பர் 12, புது நம்பர் 25ன்னு ஒரு வீட்டுக்கு ரெண்டு நம்பர் போட்டு வெச்சிருக்காங்க, வயசானவங்கள குழப்பறதுக்குன்னே செஞ்ச மாதிரி.

கேள்வி: எனக்கு 26 தான் ஆகுது சார், மேப் போடாம ஆபீஸ் கூட போகத் தெரியல. இப்பவே இப்படின்னா 60-ல? — பெங்களூருலேந்து ஒரு தம்பி

மேப் போட்டா ஹிப்போகேம்பஸ் அழுகிடும்னு யாராவது ஃபார்வர்ட் அனுப்பினா நம்பாதீங்க. ஆனா 2017-ல லண்டன் சோஹோ தெருக்கள வெச்சு ஒரு சோதன பண்ணாங்க, தானா வழி யோசிச்சு போறப்ப புதுத் தெருவுல நுழைஞ்சதும் ஹிப்போகேம்பஸ் எகிறி எகிறி வேல செய்யுது, கருவி சொல்றத கேட்டு திரும்பறப்ப அந்த எகிறல் இல்ல. மூளை சும்மா உக்காந்திருக்கு, அவ்ளோதான். ஆபீஸுக்கு தெனம் போற வழிதானே, திங்கக்கிழமை சவுண்ட ஆஃப் பண்ணிட்டு போங்க. பத்து நிமிஷம் லேட்டாகும், மேனேஜர்கிட்ட ட்ராஃபிக்னு சொல்லிக்கலாம், உங்க ஊர்ல அத யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

கேள்வி: அம்மாவுக்கு 69. நாப்பது வருஷமா இதே தெரு. போன மாசம் பிள்ளையார் கோயிலுக்கு போனவங்க ரெண்டு மணி நேரம் ஆளக் காணோம், பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னவங்கள பூக்காரம்மா கூட்டிட்டு வந்து விட்டாங்க. கேட்டா "பேச்சுல நேரம் போச்சு"ன்னாங்க. நேத்து சமையல் ரூம்ல நின்னுக்கிட்டு "நம்ம வீட்டுக்கு எப்ப போறோம்"னு கேட்டாங்க. அண்ணன் வயசாச்சு அப்படித்தான்ங்கறான். — ஒரு வாசகி, கும்பகோணம்

அம்மா, உங்க அண்ணன் சொல்றத இந்த ஒரு விஷயத்துல கேக்காதீங்க. மேல தபால்காரர் கேள்விக்கு நான் சொன்ன பதில படிச்சுட்டு ஆறுதலும் பட்டுடாதீங்க. அவரு தொலைஞ்சது எட்டு மாசமா இருக்கற புது இடத்துல. உங்க அம்மா தொலைஞ்சது நாப்பது வருஷத் தெருவுல. ரெண்டும் ஒண்ணு இல்ல. வழி தப்பினதுன்னு யாராவது வந்தா நாங்க மொதல்ல கேக்கறது எத்தன தடவங்கறது இல்ல, எங்க தப்புச்சுங்கறதுதான்.

அல்சைமர்ல மூளை கெட ஆரம்பிக்கற மொத இடங்கள்ல ஒண்ணு நான் முன்னாடி சொன்ன அந்த கோலப்புள்ளி செல்லு இருக்கற என்டோரைனல் கார்டெக்ஸ். அதனாலதான் சில பேருக்கு பேரு, ஊரு, பேரன் பொறந்த நாள் எல்லாம் சரியா இருக்கும்போதே வழி தடுமாற ஆரம்பிக்குது, வீட்டுல உள்ளவங்க "நல்லாத்தான பேசறாங்க"ன்னு விட்டுடறாங்க. "பேச்சுல நேரம் போச்சு"ன்னாங்க பாருங்க, அது பொய் இல்லம்மா, தனக்கு என்னமோ ஆகுதுன்னு தெரிஞ்சு மானத்துக்கு பயந்து சொல்றது, அத வெச்சு குறுக்கு விசாரணை பண்ணாதீங்க.

அதுக்காக இதுதான்னு நான் இங்கேந்து முடிவு சொல்ல முடியாது. பி12 வைட்டமின் கொறஞ்சாலும், தைராய்டு கொறஞ்சாலும், தூக்க மாத்திரையாலயும், சில அலர்ஜி மாத்திரையாலயும், சுகர் மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம போயி சர்க்கர எறங்கினாலும், எப்பவோ வழுக்கி விழுந்து மண்டைக்குள்ள மெதுவா ரத்தம் கட்டியிருந்தாலும் இப்படி ஆகலாம், இதுல பலதும் சரி பண்ணக் கூடியது. அதனால போடற மாத்திரையெல்லாம் டப்பாவோட ஒரு பையில போட்டு எடுத்துக்கிட்டு நரம்பியல் டாக்டர்கிட்டயோ முதியோர் மருத்துவர்கிட்டயோ இந்த வாரமே போங்க. ஒரு வேள ஒரே நாள்ல, ரெண்டு நாள்ல திடீர்னு குழம்பினா, காய்ச்சல், மூத்திர எரிச்சல், வாய் கோணல், கை கால் இழுக்கறது ஏதாவது சேந்திருந்தா வாரமெல்லாம் இல்ல, அப்பவே ஆஸ்பத்திரி.

"நம்ம வீட்டுக்கு எப்ப போறோம்"னா "இதுதான் உங்க வீடு, என்ன பேசறீங்க"ன்னு சண்ட போடாதீங்க. அவங்க கேக்கறது அனேகமா பொறந்த வீடு, இல்லன்னா கல்யாணமான புதுசுல இருந்த வீடு. அந்த வீட்டுல என்னம்மா இருக்கும்னு கேளுங்க, கிணத்தடி, மாட்டுக் கொட்டகைன்னு பேசிக்கிட்டே காபி குடிச்சா அந்த நேரம் கடந்துடும். சாயங்காலம் இருட்டற நேரத்துல இது கூடும், அஞ்சரைக்கே லைட்ட போட்டுடுங்க.

வெளிய போறத அடியோட நிறுத்த வேணாம், கூட ஒருத்தர் போங்க. பூக்காரம்மாகிட்ட, ஆட்டோ ஸ்டாண்டுல, கோயில் குருக்கள்கிட்ட கூச்சப்படாம விஷயத்த சொல்லி உங்க நம்பர குடுத்து வெச்சுடுங்க, போன மாசம் அம்மாவ காப்பாத்தினது எந்த ஆப்பும் இல்ல, பூக்காரம்மாதான். சுருக்குப் பையில சீட்டு வெச்சா அது பையோட தொலையும், அதனால கழட்ட முடியாத மாதிரி வளையல்லயோ டாலர்லயோ போன் நம்பர பொறிச்சு போட்டு விடுங்க. அன்னன்னிக்கு கட்டியிருக்கற சேலையோட போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கங்க, தேடறப்ப "என்ன கலர் சேல"ன்னு கேட்டா வீட்டுல நாலு பேரும் நாலு கலர் சொல்லுவோம். காணோம்னா 24 மணி நேரம் கழிச்சுத்தான் போலீஸ்ல எடுப்பாங்கங்கறது சினிமா வசனம், அரை மணி தேடிக் கெடைக்கலன்னா 112 அடிச்சுடுங்க. உதவி, தகவல் எதுன்னாலும் முதியோருக்குன்னே 14567 இருக்கு.

நம்ம நாட்டுல 60 வயசு தாண்டினவங்கள்ல 100-க்கு 7 பேருக்கு மேல டிமென்ஷியா இருக்கும்னு 2023-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல மதிப்பிட்டிருக்காங்க. உங்க தெருவுலயே இன்னொரு வீடு இருக்கும், அவங்களும் வெளிய சொல்லாம வெச்சிருப்பாங்க.

கேள்வி: மூணு மாசம் பெரியவன் வீடு திருச்சியில, மூணு மாசம் சின்னவன் வீடு சேலத்துல. ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தா சேலத்துல இருக்கறப்ப திருச்சி வீட்டு வழியில நடந்து சமையல் ரூமுக்கு போயி நிக்கறேன். பகல்ல இந்த குழப்பமே இல்ல. வயசு 71. — ஒரு வாசகி

உங்கள மாத்தி மாத்தி அனுப்பறாங்களேன்னு எனக்கு வருத்தந்தான், அது நம்ம பத்தியில பேசற விஷயம் இல்ல. இது மறதி இல்லம்மா, காலோட பழக்கம். கட்டில்லேந்து எறங்கி மூணு எட்டு, வலது கைப்பக்கம் திரும்புன்னு தெனம் செய்யறது ஹிப்போகேம்பஸ்ல இல்லாம வேற பகுதியில பழக்கமா உக்காந்திருக்கு, வயசாக ஆக நாம அதயே அதிகமா நம்பி நடக்கறோம். பகல்ல கண்ணு திருத்திடுது, ராத்திரி அரைத் தூக்கத்துல திருத்த ஆளில்ல.

ரெண்டு பசங்ககிட்டயும் சொல்லி கட்டில ஒரே மாதிரி போடச் சொல்லுங்க, ரெண்டு வீட்டுலயும் நீங்க எறங்கற பக்கத்துலேந்து பாத்ரூம் கதவு ஒரே கைப்பக்கம் வர்ற மாதிரி. முடியாதுன்னா தல வெக்கற பக்கத்தயாவது மாத்திப் பாருங்க, வடக்க வராம இருந்தா சரின்னு உங்களுக்கும் இருக்கும், எனக்கும் தெரியும். பாத்ரூம் உள்ள சின்ன லைட்ட ராத்திரி பூரா எரிய விட்டு கதவ ஒருக்களிச்சு வெக்கச் சொல்லுங்க, வெளிச்சம் இருக்கற பக்கம் கால் தானா போகும். எழுந்ததும் ஒடனே நடக்காம கட்டில்ல உக்காந்து "இது சேலம்"னு வாய விட்டு சொல்லிட்டு எறங்குங்க. சிரிக்காதீங்க, என் பேஷன்ட் ஒருத்தங்க இப்படித்தான் சமாளிக்கறாங்க. நான் பயப்படறது வழிக்கு இல்ல, இருட்டுல கால் மேட்டுல தடுக்கி இடுப்பு எலும்பு ஒடைஞ்சுடக் கூடாதேன்னுதான்.

கேள்வி: மொட்டை மாடியில தெனம் 8 வடிவத்துல எட்டு நடை நடந்தா ஞாபக சக்தி கூடும்னு யூடியூப்ல சொல்றாங்களே? வயசு 66. — ஒரு வாசகர், ஈரோடு

எட்டுக்குன்னு தனியா மகிமை எதுவும் இல்லைங்க, நடைக்குத்தான். 2011-ல அமெரிக்காவுல வயசான 120 பேர ரெண்டு கூட்டமா பிரிச்சு, ஒரு கூட்டத்த வாரம் மூணு நாள் நாப்பது நிமிஷம் வேகமா நடக்க வெச்சாங்க, இன்னொரு கூட்டத்துக்கு சும்மா கை கால நீட்டி மடக்கற பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சு நடந்தவங்களுக்கு ஹிப்போகேம்பஸோட முன்பகுதி 2 சதவீதம் கூடியிருந்துச்சு, நீட்டி மடக்கினவங்களுக்கு கொறஞ்சிருந்துச்சு. பின்னாடி வந்த எல்லா ஆராய்ச்சியிலயும் இவ்ளோ அழகா வரல, அதையும் சொல்லிடணும். ஆனா நடந்தா பிபி, சுகர், தூக்கம் மூணுக்கும் நல்லது, மூளைக்கு அதுவே போதும்.

எட்டு போடறவங்கள நான் தடுக்கல, முட்டிக்கு ஒத்துக்குதுன்னா போடுங்க. ஆனா அம்பதாவது எட்டுல உங்க மூளைக்கு புதுசா பாக்க என்ன இருக்கு, அதே தண்ணித் தொட்டி, அதே துணிக்கொடி. வாரத்துல ரெண்டு நாளாவது கீழ எறங்கி, காய்கறி வாங்க தெரிஞ்ச கடைக்கு தெரியாத சந்து வழியா போங்க, திரும்பி வேற சந்து. வந்து உக்காந்து பேத்திகிட்ட பென்சில் வாங்கி, போன வழிய ஒரு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. எந்த எடத்துல பென்சில் நிக்குதோ, மறுநாள் அந்த மொனைக்கு மட்டும் இன்னொரு தடவ போயிட்டு வாங்க. நாய் இருக்கற சந்தா இருந்தா வேணாம்.